மேல்பக்கம் வைத்த வெல்டிங்

அன்புள்ள திருகாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம், அதாவது சுகம்தான். அங்கே உன் உடம்பும் மனசும் அதே மாதிரி தெம்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், நடுவில் அம்மா அம்மா என்பாய், நான் அழுதுவிடுவேன், பாதியில் வைத்துவிடுவேன். இது பாதியில் விடக்கூடாத விஷயம். அப்பா இதைப் போனில் படம் எடுத்து அனுப்புவார், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

அப்பாவின் முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. தரையில் உட்காராதீர்கள் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் மட்டும் கேட்கிறார், பட்டறைக்குப் போனால் வண்டிக்கு அடியில்தான் குடியிருப்பு. மாடிக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னேன் இல்லையா, பிளம்பர் மூன்று வாரமாக இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டினார், கடைசியில் நானே ஏறிப் பற்றவைத்துவிட்டேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதைச் சொல்லி அப்பாவிடம் இரண்டு நாள் பீற்றிக்கொண்டேன். என் கைவேலையைப் பற்றி நான் பீற்றிக்கொள்வது உனக்குத் தெரிந்ததுதான். அந்தப் பீற்றலுக்குத்தான் இப்போது அடி விழுந்திருக்கிறது.

மாமாவின் விபத்தைப் பற்றி உனக்குச் சொன்னதெல்லாம் பாதிதான். பட்டப்பகல் மூன்று மணிக்கு, நேரான சாலையில், மாமா தூங்கிப்போய் வண்டியைச் சுவரில் தேய்த்துவிட்டான், அத்தை உட்கார்ந்திருந்த பக்கம் நசுங்கி அவள் கை மூன்று இடத்தில் உடைந்தது என்று சொன்னேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். ஊரே அதைத்தான் சொன்னது. குடித்திருப்பான் என்றும் சிலர் சொன்னார்கள், அத்தையின் அண்ணன் அதை மருத்துவமனை வாசலிலேயே நின்று சொன்னார். உன் மாமா பீர் பாட்டிலைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பவன். அவன் மறுத்து வாயைத் திறக்கவே இல்லை. போலீஸ் கேட்டபோது, ஆமாம் சார், தூங்கிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வருகிற வியாழக்கிழமை விசாரணை. அங்கேயும் அதையே சொல்வதாகத்தான் இருந்தான். டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் வேலையும் அன்றைக்கே போயிற்று. அத்தை தையல்காரி, அவளுக்குக் கை எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. கத்தரிக்கோலில் விரல் நுழைகிறது, மூடத்தான் வரமாட்டேன் என்கிறது. அந்த ஆத்திரத்தில் அவனைக் கண்டபடி திட்டியதோடு சரி, அப்புறம் அவனிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் இரண்டு மாதமாக அந்நியர்கள் மாதிரி இருந்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒன்றரை மாதம் கிடந்த பிறகு வண்டியை நம் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். கதவும் பக்கத் தகடும் போய்விட்டன, எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. அப்பா தரைவிரிப்பை எடுக்கச் சொன்னார், கண்ணாடித் தூள் சிதறிக் கிடந்தது. கியர் கம்பி தரையிலிருந்து மேலே வருகிற இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்குமே, அது கிழிந்திருந்தது. அதைச் சுற்றி விரிப்பின் அடிப்பக்கம் முழுக்கக் கரி. விரலால் தொட்டேன், மை மாதிரி ஒட்டிக்கொண்டது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சைலன்சர் குழாயில் இருக்கிற ஃபில்டர் டப்பாவைக் கழற்றி இறக்கினேன். நான் பற்றவைத்த மூடி அப்படியே இருந்தது. அதற்கு விரற்கடை தள்ளி, தகடு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே உறைக்கிறது. அந்த ஃபில்டர் புகையில் இருக்கிற கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வண்டி வேகமாக நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் அதைத் தானே எரித்துக்கொள்ளும். மாமா ஓட்டியது ஊருக்குள், தெரு தெருவாக, நின்று நின்று. வாரம் ஒருமுறை அடைத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. அக்கா இதுக்கு ஒரு வழி பண்ணுக்கா என்று என் தலையைத் தின்றான். வழி நம் வீட்டிலேயே இருந்ததே. நான் டப்பாவை வெட்டி, உள்ளே தேன்கூடு மாதிரி இருந்ததைக் கடப்பாரையால் இடித்துக் கொட்டிவிட்டு, வெற்று டப்பாவை மூடிப் பற்றவைத்தேன். புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புகிற வால்வை அப்பா தகடு போட்டு அடைத்தார். நீ அங்கிருந்து ஒரு ஃபைல் எழுதி அனுப்பினாய், வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஃபில்டர் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று அது நம்பிக்கொள்ளும், விளக்கு இனி எரியவே எரியாது என்றாய். பிக்கப் வேறு கூட்டிக் கொடுத்தாய். என் மருமக வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டே என் வண்டியைக் குதிரையாக்கிட்டா என்று மாமா ஏறுகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தான். வருடாந்தரச் சோதனைக்கு வருகிற அதிகாரி கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பார் என்பதால், வெட்டியதையும் பற்றவைத்ததையும் டப்பாவின் மேல்பக்கம் வைத்தேன், வண்டியின் அடித்தளத்தைப் பார்த்த பக்கம். கீழேயிருந்து பார்த்தால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி இருக்கும். அந்த யோசனை என்னுடையது. அப்பா நல்ல யோசனை என்று கூடச் சொல்லவில்லை, சும்மா பார்த்தார், நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே இருந்ததை எடுத்துவிட்டதால் சூடெல்லாம் நேராக அந்த மெல்லிய தகட்டில் அடித்திருக்கிறது. என் வெல்டிங் தாங்கியது, தகடு தாங்கவில்லை. கீழ்ப்பக்கம் பிளந்திருந்தால் புகை தெருவோடு போயிருக்கும், ஆயில் மாற்ற வரும்போது அப்பா கண்ணிலாவது பட்டிருக்கும். அதிகாரிக்குத் தெரியக் கூடாது என்று மறைத்த இடம் எங்களுக்கும் தெரியாத இடமாகிவிட்டது. புகை மேலே போய், அந்தக் கிழிந்த ரப்பர் வழியாக, ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்த வண்டிக்குள் போயிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பானே, அப்போதெல்லாம் போயிருக்கிறது.

விபத்துக்கு முன்னால் ஒரு மாதமாக அவனுக்குத் தலைவலி. பட்டறைக்கு வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். வயசாகுதுடா தம்பி, போய்க் கண்ணாடி போடு என்று நான்தான் கிண்டல் செய்தேன். மாத்திரை கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, திரும்ப அதே வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அவன் கூட்டிப்போகிறவர்களில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் வாந்தி எடுப்பாராம். வியாதியின் தொந்தரவு என்று எல்லோரும் நினைத்தோம். அவர் இப்போது வேறு வண்டியில் போகிறார், வாந்தி நின்றுவிட்டது.

இனிமேல் எழுதப்போவதைப் படித்து என்னைக் கேவலமாக நினைத்தால் நினைத்துக்கொள். பிளவைப் பார்த்ததும் நான் ஓடிப்போய்த் தம்பியிடம் சொல்லவில்லை. டப்பாவைத் தார்ப்பாய் போட்டு மூடி, பழைய டயர்களுக்குப் பின்னால் தள்ளினேன். பதினோரு நாள் அது அங்கே கிடந்தது. புது டப்பா ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தால் பட்டறையை மூடச் சொல்வார்கள், உன் பெயர் வெளியே வரும், நீ அங்கே பார்க்கிற வேலைக்கு வேட்டு வைத்த மாதிரி ஆகும். தம்பிதான் தூங்கினேன் என்று ஒத்துக்கொண்டானே, ஆறு மாதத்தில் லைசென்ஸ் திரும்ப வந்துவிடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் கிரைண்டரைக் கூடக் கையில் எடுத்தேன், துண்டு துண்டாக வெட்டிக் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்று. அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நீ என்ன வேணா பண்ணு, நான் போயிட்டு வர்றேன், என் கண்ணு முன்னால மட்டும் பண்ணாத என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் திட்டியது இதுதான் முதல் தடவை. திட்டு மாதிரி இல்லாவிட்டாலும் திட்டுதான்.

கிரைண்டரை வைத்துவிட்டேன். அப்பா திரும்பி வந்ததும், அந்தப் பிளந்த டப்பாவையே மறுபடி மாட்டச் சொன்னேன். பட்டறைக் கதவையெல்லாம் திறந்து வைத்தோம், நசுங்கிய பக்கத்தை அட்டையும் டேப்பும் போட்டு அடைத்தோம். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டேன். அப்பா கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு வெளியே நின்றார். முதலில் ஒன்றும் இல்லை, லேசாக ஒரு வாடை, அதுவும் பழகிப்போயிற்று. கால் மணி நேரத்தில் தலை கனத்தது. பிறகு தூக்கம் வந்தது, திருகாணி. நல்ல சுகமான தூக்கம், கண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தும், கண்ணை மூடாதே என்று எனக்கு நானே சொல்லியும், மூடிக்கொண்டேன். அப்பா கதவைத் திறந்து என்னை இழுத்துப் போட்டார். சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். என் தம்பி இதோடு ஒரு மாதம் வண்டி ஓட்டியிருக்கிறான், நோயாளிகளைப் பத்திரமாக இறக்கியும் விட்டிருக்கிறான். விளையாட்டுக்குக் கூட நீ இப்படிச் செய்து பார்த்துவிடாதே, அப்பா பக்கத்தில் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

நேற்றுக் காலை அவன் வீட்டுக்குப் போனேன். டப்பாவைக் கையோடு தூக்கிக்கொண்டு போனேன், வாயால் சொன்னால் எங்காவது பூசி மெழுகிவிடுவேன் என்ற பயம். அவன் கூடத்தில் தனியாக, அத்தை தைக்க வாங்கியிருந்த துணிகளுக்குப் பொத்தான் காஜா எடுக்கப் பழகிக்கொண்டிருந்தான், அந்தத் தடித்த விரல்களை வைத்துக்கொண்டு. டப்பாவை மேல்பக்கம் தெரிகிற மாதிரி அவன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பதினோரு நாளையும் சொன்னேன். அவன் கத்துவான், அடிக்கக் கூட வருவான் என்று நினைத்துத்தான் போனேன். அந்தப் பிளவை விரலால் தடவிப் பார்த்தான். அப்புறம், அப்ப நானாத் தூங்கலையாக்கா என்று கேட்டான். இல்லடா என்றேன். இன்னொரு தடவை கேட்டான். இல்லடா தம்பி என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தை வெளியே வந்து, பேசாத பேச்செல்லாம் இவரைப் பேசிட்டேனே என்று சொல்லி, நல்ல கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீ வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

வியாழக்கிழமை விசாரணைக்கு நானும் அப்பாவும் டப்பாவோடு போகிறோம். வெட்டியது நான், பற்றவைத்தது நான், மேல்பக்கம் வைத்ததும் நான் என்று எழுதிக் கொடுப்பேன். பட்டறையை என்ன செய்வார்களோ செய்யட்டும். இதே மாதிரி இன்னும் ஐந்து வண்டிக்குச் செய்திருக்கிறோம், ஐந்து பேரையும் கூப்பிட்டு, ஏசியைப் போடாதீர்கள், கண்ணாடியை இறக்கி ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வண்டி வந்துவிட்டது. அந்த ஃபைலை நீ அங்கே யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடு, தள்ளிப்போடாதே. தள்ளிப்போடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

உன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஃபைலை யார் எழுதியது என்று அங்கே கேட்டால், எழுதியவர்தான் அதைச் சொல்ல வேண்டும் என்பேன். பதில் உன்னுடையது, அதை நான் எழுதித் தர முடியாது. நன்றாகச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குத் தூங்கு. நீ என்ன முடிவு செய்தாலும் எனக்கு மகள்தான், உனக்கு ஒரு குறையும் வராமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதே, மாமாவுக்கு நீயே போன் போடு. நேற்று நான் கிளம்பும்போது அவன் வாசல்வரை வந்து, பாப்பாவுக்கு இது தெரியுமாக்கா என்று கேட்டான். இன்னும் சொல்லவில்லை என்றேன். சொல்லாதக்கா, அங்க தனியா இருக்கா, தாங்க மாட்டா என்றான். வேலை போய், பெயர் போய், பெண்டாட்டி கை போய் நிற்கிறவன், அதைத்தான் என்னிடம் கேட்டான். அவன் அப்படிச் சொன்னதால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா