யார் வீட்டுத் திவசம்?

கரமனை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பொன்செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகளும் இங்கே சுகம், என் முட்டுவலியும் சுகமாகவே இருக்கிறது. நீயும் மருமகனும் மஸ்கட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் வாசல் கேட் முன்னால் நின்றவர்கள் நான், ஆதிரா, அவள் கூடப் படிக்கிற வைகா, வைகாவின் அம்மா கிருஷ்ணவேணி, நம் ஆட்டோ ஸ்ரீகுமார், அப்புறம் மஞ்சள் குடை பிடித்த ஒருத்தி. அவள் பேர் மட்டும் தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை பேர் முன்னால்தான் உன் மகள் மானத்தைக் கப்பலேற்றினாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஜூனில் நீ கொண்டுவந்து விட்டதிலிருந்து, மலையாளம் வராத இவளுக்கு ஒன்றாம் வகுப்பில் கிடைத்த கூட்டு அந்த வைகா ஒருத்திதான். அந்தப் பிள்ளை பேசுகிற தமிழ் இவளிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்திருந்தேன். அவள் நம் வீட்டுக்கு நாலு தடவை விளையாட வந்தாயிற்று. முதல் தடவை ஐந்து முந்திரிக்கொத்து தின்றாள், இரண்டாம் தடவை மழையில் நனைந்து வந்து ஆதிராவின் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு போனாள், மூன்றாம் தடவை பல்லாங்குழியில் இரண்டு சோழியைத் தொலைத்தாள், நாலாம் தடவை அதில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அந்தப் பிள்ளைக்கு மீன் ஆகாது என்று அவள் வருகிற நாளெல்லாம் என் நாக்கை அடக்கிக்கொண்டு சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். கூட்டிப்போக வரும் கிருஷ்ணவேணி காரிலிருந்து இறங்காமலே, ஒரு திவசம் அங்கோட்டும் வரணும் கேட்டோ என்பாள், நாலு தடவையும் அதே பேச்சு. ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் வரணும், கேட்டியா என்று அர்த்தம். மலையாளத்தில் திவசம் என்றால் நாள், அந்த ஒரு நாள் வரவே இல்லை. நான் அவளுக்குக் கேட்டோக்காரி என்று பேர் வைத்துவிட்டேன். பிள்ளைக்கு என்ன தெரியும், திவசம் என்றால் போன மாதம் உன் அப்பாவுக்குக் கொடுத்தோமே அதுதான், ஆள் கூடும், வடை பாயசம் இருக்கும், ஓடி விளையாடலாம். சனிக்கிழமை தோறும் பட்டாம்பூச்சிக் கவுனைப் போட்டுச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, ஆச்சி, இன்னைக்கா வைகா வீட்டுத் திவசம் என்று கேட்பாள். சிரித்துக்கொண்டே திருத்தாமல் விட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன சனிக்கிழமை அவள் கவுனை எடுக்கவே இல்லை. என்ன மக்களே என்றால், என்னைய அவங்களுக்குப் பிடிக்கலை போல என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதனால் செவ்வாய்க்கிழமை கிருஷ்ணவேணியைக் கண்டதும், நீயே கேளு மக்களே என்று இவளை முன்னால் தள்ளிவிட்டேன். இவள் ஊருக்கே கேட்கிற மாதிரி, ஆன்ட்டி, உங்க வீட்ல எப்பம் திவசம், யாரு செத்துப்போனா, நானும் வரட்டுமா என்று கேட்டாள். கிருஷ்ணவேணியின் மலையாளம் போன இடம் தெரியவில்லை. ஐயையோ, என்னடி கொழந்தே இப்படிக் கேக்கறே, எங்காத்துல எல்லாரும் நன்னா இருக்கா என்று அலறினாள். ஸ்ரீகுமார் ஹேண்டிலில் தலையை வைத்துச் சிரித்தான். ஓகோ, நீங்க வலியசாலை அக்ரகாரத்துத் தமிழா, இத்தனை நாளும் என்னை மலையாளம் பேச வச்சு வேடிக்கை பாத்தியளா என்றேன். மாமி, நீங்கதானே மலையாளத்துல ஆரம்பிச்சேள் என்றாள். அது உண்மைதான், விடு. நாலு தடவைக் கதையையும் சோழியோடு சேர்த்துச் சொன்னேன். அவள் கோபப்படாமல் போனை எடுத்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்திருக்கிற நம்பர் உன்னுடையது. குழந்தையை ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கோ என்று மூன்று தடவை உனக்கு எழுதியிருக்கிறாள், மூன்றுக்கும் நீ கைகூப்பின படம் ஒன்று போட்டிருக்கிறாய். அம்மாக்காரி பெரிய கும்பிடா போட்டுட்டா, அனுப்ப இஷ்டமில்லை போலிருக்கு, பாட்டியை ஏன் சங்கடப்படுத்தணும்னு இருந்துட்டேன் என்றாள். ட்யூட்டி முடிந்து வந்து, வாசிக்காமலே எல்லாச் செய்திக்கும் கும்பிடு போடுவது உன் வழக்கம். என் முட்டுவலிக்கும் கும்பிடுதான் போட்டாய். அதனால்தான் மஸ்கட்டுக்கு வருகிற பிச்சைக்கனி கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், நீ வாசித்து முடிக்கிறவரை முன்னாலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கு ஆதிரா போய்விட்டு வந்தாள். தலை நிறையப் பிச்சிப்பூ, கை நிறைய முறுக்கு, அந்த நீலக் கவுனும் துவைத்து மடித்துத் திரும்பி வந்தது. நான் வைத்த பேரையும் அங்கே சொல்லிவிட்டாள் போல, கொண்டுவந்து விட்ட கிருஷ்ணவேணி வாசலில் நின்று, வரட்டுமா மாமி, கேட்டோ என்றாள். அடுத்த சனிக்கிழமை இவளையும் பொன்முடிக்குக் கூட்டிப்போகட்டுமா என்று உனக்கு எழுதுவாள். சரி என்று எழுத்தில் போடு, கையைக் கூப்பாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், இசக்கியம்மன் காப்பாள்.

என்றும் உன் நினைவாக இருக்கும் அம்மா,
வடிவம்மாள்

கிருஷ்ணவேணியை மன்னித்தாயிற்று. சிரித்ததற்காக ஐந்து நாளாக ஏறாமல் இருந்த ஸ்ரீகுமார் ஆட்டோவிலும் நாளைக்கு ஏறிவிடுவேன். மன்னிக்காதவள் ஒருத்திதான், அவள் பேரைக் கவரின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், பொன்செல்வி.