விதைப்புக்குப் போன எம்.எல்.ஏ.

நேற்று பெங்களூர் மல்லேஸ்வரம் சந்தையில் ஓர் அம்மாள் இளஞ்சோளக் கதிர்களைத் தணலில் சுட்டு உதிர்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் என் கால்கள் நின்றுவிட்டன. ஊரிலிருந்து துணிப்பையில் நீங்கள் கொண்டுவருவீர்களே, அதே வாசனை.

தங்கவயலிலிருந்து வந்த தமிழ்ப் பெண், உங்கள் டைப்பிஸ்ட் நான். வடக்கே கரிசல் சீமையில் சோளம் விதைத்துக்கொண்டே தேர்தலில் ஜெயித்து வந்தவர் நீங்கள். உங்கள் ஊர்க் கன்னடம் முதலில் எனக்குப் பாதிதான் புரிந்தது. தங்கையே என்று, "தங்கி" எனக் கூப்பிட்டது மட்டும் முழுசாகப் புரிந்தது.

எம்.எல்.ஏ. விடுதி அறையில் கடிதம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே மழை விழுந்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவீர்கள். "தார் ரோட்டுக்கு எதுக்கு தங்கி மழை?" மழை ஓயும்வரை நானும் விசைகளில் விரலை வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாளில்தான் கட்சியிலிருந்து ஆள் வந்தார். உங்கள் தொகுதி நிலங்களில் ஆலை கட்டச் சம்மதம் எழுதித் தந்தால் மந்திரி பதவி என்றார். சம்மதக் கடிதத்தை நீங்கள் சொல்ல, நான் அடித்தேன். "படி" என்றீர்கள். நிலம் இழக்கும் ஊர்களின் பெயர்களைப் படித்தேன். நான்காவது பெயரில், நிறுத்து என்று கையைக் காட்டினீர்கள்.

"அந்த ஊர்க்காரங்க என்னோட களை எடுத்தவங்க. கிழிச்சுடு."

"சார், மந்திரி ஆகலாமே..." என் வேலை போய்விடுமே என்ற பயம் எனக்கு.

"ராஜினாமா அடி. சுருக்கமா அடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஊர்ல விதைப்பு."

உங்கள் சம்மதம் இல்லாமல் ஆலைத் திட்டம் நின்றுபோனது. கட்சியில்லாமல் தனியாக நின்று அடுத்த தேர்தலில் தோற்றீர்கள். எனக்கு பெங்களூரிலேயே, பொம்மசந்திராவில் வேறு வேலை கிடைத்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் உங்கள் ஊருக்கு உங்களைப் பார்க்க வந்தேன். கண்ணுக்கெட்டியவரை சோளம், மேலே மெதுவாக நகரும் மேகம். எது நிலம், எது வானம் என்றே தெரியவில்லை. வரப்பில் ஒரு பெரியவர் பென்ஷன் மனுவுக்காக வந்து நின்றார். உங்களைத் தோற்கடிக்க வீடுவீடாகப் போனவர் என்று உங்கள் மனைவி என் காதில் சொன்னார்.

நீங்களோ, "தங்கி, இவருக்கு அழகா எழுதிக் கொடு" என்றீர்கள். மடியில் வைத்து எழுதினேன். காற்றில் தாள் படபடத்தது. குனிந்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். கட்டைவிரல் மண் தாளில் அப்பிவிட்டது.

"வேற தாள் எடுக்கட்டுமா சார்?"

"இருக்கட்டும். நம்ம மண்ணுதானே."

போன மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். செய்தி தாமதமாகத்தான் வந்தது. எனக்குக் கெடுதல் செய்தவருக்கு உதவ நேரும்போது என் கை இன்னும் தயங்குகிறது, சார். அப்போதெல்லாம் அந்த மத்தியானம் எங்கிருந்தோ வந்து, தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது.