மூட்டையை நான் தூக்கிப் போன நாள்

என் பீவிக்கு ஸலாம். நாகூரில் மகளும் அவள் பிள்ளையும் சுகந்தானே?

இது என் கையெழுத்து! முதியோர் வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டேன். இனி நம் மகனைக் கூப்பிட்டு எழுதச் சொல்ல வேண்டாம். அவன் முன்னால் சொல்லக் கூசியதையும் எழுதலாம்.

எல்லையில் சரக்குக்கு வரி வாங்கிய சுங்கச்சாவடியை எடுத்த பிறகு யாரும் தடையில்லாமல் சரக்குக் கொண்டுவரலாம் என்றாகி, நம் ஜவுளிக்கடைக்கு எதிரே புதுக்கடை வந்திருக்கிறது. அதே சேலை, அதே விலை, கூடவே கண்ணாடி அலமாரி. “நாமும் கடன் வாங்கி அலமாரி போடணும் வாப்பா, இல்லேன்னா கடையை மூட வேண்டியதுதான்” என்கிறான் மகன்.

வீடுகளுக்கு நீ கொண்டுபோகும் சேலை மூட்டையை நேற்று நானே தூக்கிப் போனேன். கதவுக்குப் பின்னால் பெண்களின் ஒரே சிரிப்பு. “மாமா, என் நிறத்துக்கு எந்தப் பச்சை எடுக்கும், சொல்லுங்க பார்ப்போம்!” என்றாள் மெஹர் பானு. அவள் முகத்தையே பார்த்தறியாத நான் என்ன சொல்வது? “எதிர்க்கடை ஆளையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினோம். மாமி வரட்டும்” என்றார்கள். மூட்டையை அவிழ்க்கவே விடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எனக்கும் சிரிப்புத்தான். அலமாரியை யாரும் வாங்கிப் போடலாம். அந்தக் கதவுகளுக்குள் போய் உட்கார்ந்து, இன்னாருக்கு இன்ன நிறம் என்று எடுத்துக் கொடுக்க உன்னைப்போல் ஓர் ஆளுக்கு எதிர்க்கடைக்காரன் எங்கே போவான்? அலமாரி வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

மகள் உன்னை நாகூரிலேயே தங்கச் சொல்கிறாளாம். அவள் ஆசை அவளுக்கு. உனக்கு வரத் தோன்றினால் ஒரு வரி எழுது, வண்டியோடு நானே வருகிறேன்.

நமக்குக் கடையே இல்லாமல் இருந்தாலும் வருவேன்.

உன் பழைய மாப்பிள்ளை