நாலாவது உள்காற்சட்டை

அக்கா,

பையைத் திறந்ததும் தேன்மெழுகு மணந்தது. உடனே மூடிவிட்டேன்.

ஜேர்மனியிலிருந்து உங்கள் தம்பி கொடுத்தனுப்பிய பை. கொண்டுவந்தவர் வாசலில் நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். வழியில் திறந்து பார்த்திருப்பார். நானாக இருந்தால் பார்த்திருப்பேன். கூடவே தம்பி எனக்கு எழுதிய துண்டுக் கடிதம்: "காய்ச்சல், பதினொரு நாள். பையில் உங்கள் பெயரை அக்காவே எழுதி வைத்திருந்தா." காய்ச்சலில் ஒருவர் இறந்துபோவதை என்னால் நம்ப முடியவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

இரண்டாம் முறை திறந்து எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். சிறிய கத்தரிக்கோல். நூல் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த மெழுகுக் கட்டி. நாலாய் மடித்த வெள்ளைத் துணி. அதை விரிக்கவில்லை. என்னவென்று தெரியும்.

இந்த நகரத்தில் சீசா என்ற பகுதியில் நாங்கள் இருவரும் இருந்த அறை. இரண்டு கட்டில், ஒரு யன்னல். காலையில் நீங்கள் ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலைக்குப் போவீர்கள். நான் வீடு துடைக்கப் போவேன். பின்னேரம் நான் திரும்பும்போது கதவு உள்ளே தாழிட்டிருக்கும். தட்டுவேன். நீங்கள் திறப்பதற்கு முன் ஏதோ ஒன்று கட்டிலுக்கு அடியில் இழுபடும் சத்தம். ஒவ்வொரு நாளும்.

நாங்கள் விட்டுவந்த ஊரில், தட்டிய கதவுக்கு உள்ளே ஒரு பொருள் இழுபட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆயுதம். பல்கலைக்கழகத்தில் நான் முடிக்காமல் விட்ட பாடங்கள் பல. அந்தப் பாடத்தை மட்டும் முடித்திருந்தேன்.

"என்னக்கா செய்யிறீங்கள்?"

"தைக்கிறன்."

"என்னத்தை?"

"வெள்ளைத் துணியை."

"ஆருக்கு?"

"போடுறவைக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியே போன நேரம் குனிந்து பார்த்தேன். செய்தித்தாளில் சுற்றிய மெல்லிய எஃகுப் பட்டிகள், முப்பதுக்கு மேல். பாண் சுற்றும் தாளில் ஏதோ உருவங்கள், பக்கத்தில் எண்கள். ஐம்பத்தெட்டு. எண்பத்துநாலு. பதின்மூன்று. எல்லாவற்றையும் இருந்தபடியே திருப்பி வைத்தேன்.

வைத்ததாக நினைத்தேன். நீங்கள் வந்து, குனிந்து, நிமிர்ந்தீர்கள்.

"ஒழுங்காத் திருப்பி வைக்கத் தெரியாட்டி எடுக்கக் கூடாது."

அன்றுதான் சொன்னீர்கள். உங்களுக்குத் தையல் வேலை தந்தவள் ஒரு பணக்காரச் சீமாட்டி, சிஞ்ஞோரா என்பீர்கள்; அவளுடைய முன்னோர் இங்கே வைன் வியாபாரம் செய்ய வந்த ஆங்கிலேயர். பூட்டனின் மனைவி உடுத்திய உள்ளுடுப்புகள் ஒரு பெட்டியில் இருந்தன, தொட்டால் பொடியாகும் நிலையில். அவற்றைப் போலவே புதிதாக வேண்டும். பழையதில் ஒரு சென்டிமீட்டருக்குப் பதின்மூன்று தையல் என்றால் புதியதிலும் பதின்மூன்று. சிஞ்ஞோரா பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவாளாம். நீங்கள் உள்ளே போகுமுன் கைப்பையை வாசலில் வைக்கச் சொல்வாளாம். பழைய துணியை வீட்டுக்குத் தரமாட்டாள். அங்கேயே பார்த்து வரைந்துகொண்டு வரவேண்டும்.

"இரும்பு?"

"கோர்செட்டுக்கு. இடுப்பை இறுக்கிறது. முந்தித் திமிங்கிலத்திலை எடுத்தது போட்டவையாம். நான் பிரான்காச்சோவிலை ஒரு பட்டறையிலை வெட்டுவிச்சனான். விக்டோரியா மகாராணி காலத்துச் சாமான், பிள்ளை. அந்த மனிசி எங்களுக்கும் மகாராணிதானே. அப்புவிட்டை அவவின்ரை தலை போட்ட சல்லி கிடந்தது. எனக்கு அவவின்ரை உள்ளுடுப்பு வந்து சேர்ந்திருக்கு."

"அதை ஏன் ஒளிக்கிறீங்கள்?"

"உமக்குத் தெரிஞ்சால் மூண்டாம் மாடிக்குத் தெரியும். மூண்டாம் மாடிக்குத் தெரிஞ்சால் நாளைக்குச் சிஞ்ஞோராவின்ரை வாசலிலை பத்துப் பேர் ஊசியோடை நிப்பினம்."

பிறகு, மெதுவாக, முக்கியமானதைச் சொன்னீர்கள். உங்கள் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, ஆகஸ்ட் மூன்றாம் கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்க ஒருவர் வேலைக் கடிதம் தரவேண்டும். கிழவரின் பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். எல்லா உடுப்பும் முழுதாக வந்து சேர்ந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சிஞ்ஞோரா சொல்லியிருந்தாள்.

நான் தலையாட்டினேன். பாதியைத்தான் நம்பினேன்.

சந்தையில் சட்டை வாங்கும்போது நீங்கள் உட்புறத்தைத்தான் முதலில் பார்ப்பீர்கள். "முன்பக்கம் எல்லாம் ஒண்டுதான். ஆர் தைச்சதெண்டு பின்பக்கத்திலைதான் கிடக்கும்." அந்த வார்த்தையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

யூலையில் ஒரு நாள் மூன்றாம் மாடி மாமி தொலைபேசி அட்டை கேட்டு வந்தா. நான் தனியே இருந்தேன். அறைக்குள் கட்டிய கயிற்றில் நீங்கள் துவைத்துப் போட்ட நான்கு வெள்ளை உள்காற்சட்டைகள். முழங்கால்வரை நீளம், கரையில் பின்னல். மாமி அட்டையை மறந்துவிட்டா. ஒன்றின் இரண்டு காலையும் பிடித்து விரித்தா. கால்கள் இடுப்புப் பட்டியில் மட்டும் சேர்ந்திருந்தன. நடுவே தையல் இல்லை. முன்னிருந்து பின்வரை திறந்தே கிடந்தது.

"ஆரின்ரை உது? துணி காணாமல் போச்சோ, நூல் காணாமல் போச்சோ?"

"அக்காவின்ரை வேலை, மாமி. பழைய காலத்து உடுப்பாம்."

"பழைய காலமோ? உதைப் போடுறவளின்ரை தொழில்தான் பழசு. கவனமா இரு, மோனை. பொலிஸ் வந்தால் உன்னையும் சேர்த்துத்தான் கொண்டுபோவாங்கள்."

மாமியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். மாமி கண்டதைச் சொன்னா. நான் படித்ததை வைத்து முடிவெடுத்தேன். விக்டோரியா காலத்தைப் பற்றி நான் ஆங்கிலப் புத்தகங்களில் நிறைய வாசித்திருந்தேன். கணுக்கால் தெரிந்தாலே வெட்கப்பட்டவர்கள். கழுத்துவரை பொத்தான் போட்டவர்கள். அவர்கள் உள்ளே திறந்து விட்டிருப்பார்களா? முடியாது. ஆகவே நீங்கள் பொய் சொல்கிறீர்கள், அல்லது சிஞ்ஞோரா உங்களிடம் பொய் சொல்கிறாள். மூன்றாவது சாத்தியம் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சோதனை வைத்தேன். இன்றும் அது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. நடுவை மூடித் தைத்துவிடுவது. வேலை மானமானது என்றால் சிஞ்ஞோரா ஒன்றும் சொல்ல மாட்டாள். கெட்ட இடத்துக்குப் போகும் துணி என்றால் திருப்பி அனுப்புவாள். அப்போது பிடித்துவிடலாம்.

நீங்கள் பெட்டியைக் கட்டி வைத்திருந்த வெள்ளிக்கிழமை. நீங்கள் கிழவர் வீட்டில். உங்கள் நூலை உங்கள் மெழுகில் இழுத்து நான்கையும் மூடினேன். பள்ளிக்கூடத்தில் படித்த தையல். மடிப்பு மாறாமல் மடித்து நாடாவைக் கட்டினேன். உங்களைக் காப்பாற்றுவதாகவும் நினைத்துக்கொண்டேன். அதுவும் உண்மைதான், சிறிதளவு.

சனிக்கிழமை மதியம் நீங்கள் ஒன்றை மட்டும் கையில் பிடித்தபடி திரும்பி வந்தீர்கள். கட்டிலில் அமர்ந்தீர்கள். செருப்பைக் கழற்றவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"மூண்டை அவளுக்கு முன்னாலை இருந்து பிரிச்சுக் குடுத்தன். நாலாவதிலை பாதி பிரிக்கேக்கை கத்தரி துணியிலை பட்டிட்டுது. புதுசு வேணுமாம்."

"கையெழுத்து?"

"முழுசும் வந்தாப் பிறகு."

யார் மூடியது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் மாமி வந்தா. நீங்கள் என் பக்கம் திரும்பாமல், வழக்கத்தைவிட உரக்க, அவவுக்கு விளக்கினீர்கள்.

"இடுப்பிலை கோர்செட். அதுக்கு மேலை மூண்டு பாவாடை, அதுக்கு மேலை கவுன். உள்காற்சட்டை கோர்செட்டுக்குக் கீழை மாட்டுப்பட்டிருக்கும். ஒண்டுக்கு வந்தால் என்னண்டு கழட்டுறது? சொல்லுங்கோ மாமி. அதுதான் திறந்து விட்டவை. பாவாடையைத் தூக்கிப்போட்டு இருந்தால் சரி. வெட்கம் கெட்டு இல்லை. வேறை வழி இல்லை."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "கொக்குவிலிலை இருந்து வந்து வெள்ளைக்காரியின்ரை மூத்திரத்துக்கு வழி விடுறாய்!" நீங்களும் சிரித்தீர்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

அதே துணி கடையில் இல்லை. வரவழைக்கப் பத்து நாள். தைத்து முடிக்கும்போது ஆகஸ்ட். சிஞ்ஞோரா உடுப்புகளைக் காட்சிக்கு வைக்க இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். நீங்கள் புதிய நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய வாசலில் நின்றதை எனக்குச் சொன்னவர் நீங்கள் அல்ல, மாமி. செப்டெம்பரில் சிஞ்ஞோரா வந்து கடிதம் தந்தாள். பெர்மெஸ்ஸோ அதற்குள் முடிந்துபோயிருந்தது.

அதன்பின் ஐந்து மாதம் ஒரே அறையில் இருந்தோம். தாள் சோதிப்பார்கள் என்று நீங்கள் பஸ்ஸில் ஏறுவதை விட்டீர்கள். கிழவர் வீட்டுக்கு நடந்து போனீர்கள். எனக்கு மீன் பொரித்தால் நடுத்துண்டை வைப்பீர்கள். ஏன் நடுத்துண்டு என்று யோசிப்பேன். காய்ச்சல் வந்தபோது மல்லித் தண்ணீர் அவித்துத் தந்தீர்கள். குடிக்குமுன் உங்கள் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் செய்கிறீர்களா, தெரியாமல் செய்கிறீர்களா? பின்பக்கம் பார்த்து ஆளைச் சொல்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

பெப்ரவரியில் தம்பியிடம் போகப் புறப்பட்டீர்கள். தாள் இல்லாமல், லொறியில். ஒரு பை. வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"கட்டிலுக்குக் கீழை ஒண்டுமில்லை. பார்த்திட்டு நித்திரை கொள்ளும்."

நீங்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் நான் குனிந்து பார்த்தேன்.

இப்போது துணியை விரித்திருக்கிறேன். கத்தரி பட்ட இடத்தை நீங்கள் இழை இழையாக அடைத்திருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பக்கத்தில் என் தையல், பாதி, அப்படியே. திருப்பினேன். பின்பக்கத்தில் முடிச்சுகள், கோணல்கள். என் பெயரை எழுதியதுபோல் இருக்கிறது. கிழிசலைத் தைத்தவருக்கு இதைப் பிரிக்க இரண்டு நிமிடம் போதும். பிரிக்காமல் கத்தரியோடு அனுப்பியிருக்கிறீர்கள். மன்னித்தீர்களா, பிடித்துவிட்டீர்களா? எனக்குத் தெரியாது. நீங்கள் இருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். சொன்னாலும் பாதியைத்தான் நம்பியிருப்பேன்.

உங்கள் கத்தரியால் பிரிக்கத் தொடங்கினேன். ஒரு தையல். இன்னொன்று. மூன்றாவதில் கதவு தட்டப்பட்டது. உங்கள் கட்டிலில் இப்போது படுப்பவள், போன மாதம் வந்தவள், வேலை முடிந்து திரும்பியிருக்கிறாள்.

"அக்கா, திறவுங்கோ. என்ன செய்யிறீங்கள்?"

"தைக்கிறன்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் பைக்குள் போட்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அது தரையில் இழுபட்டது. அவளுக்குக் கேட்டிருக்கும்.