இராஜரட்ணம் கட்டிய வாகனம்

உ

ஸ்காபரோ
27.12.1999

அன்பு மகன் வினோதனுக்கு அம்மா எழுதுவது,

நீயும் நிலக்சியும் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும், ஆனால் இந்த முறை உடம்பு மட்டும்தான் சுகம். அப்பாவுக்குப் பிறஷர் பரவாயில்லை. என் முழங்கால் குளிருக்கு வழக்கம்போலத் தன் வேலையைக் காட்டுகிறது. உன் தங்கச்சி சிவானி சோதனை முடிந்து வீட்டில் நிற்கிறாள், மத்தியானம் எழும்பி அதைக் காலை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கதையைத் தொடங்க முன்னமே நீ, "அம்மா, நீங்கள் சும்மா பயப்பிடுறியள்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேசமுடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நிலக்சிக்கு இதைக் காட்டாதே, நீ மட்டும் வாசி. இருந்து வாசி.

நீ வாங்கப் போகிற வாகனத்தைப் பற்றிச் சொன்னாய். ஜீப் மாதிரி உயரம், கார் மாதிரிச் சின்னது, பச்சை நிறம், தொண்ணூற்றேழாம் ஆண்டு மொடல், அடிபட்டு இன்சூரன்ஸ்காரர் கழித்துவிட்டதை ஒருவர் திருத்திக் கட்டியிருக்கிறார், பேப்பரிலும் அப்படியே எழுதியிருக்கிறது, ஒளிவுமறைவில்லை, அதனால் பாதி விலை. தை பிறந்ததும் எடுக்க ஐயரிடம் நல்ல நாள் கேட்டுச் சொல்லுங்கோ என்றாய். எங்கள் வாசலிலும் அதே மாதிரி ஒன்று ஆனி மாதக் கடைசியில் வந்து நின்றது உனக்குத் தெரியும், நீலநிறம், சிவானி அதன் முன்னால் நின்று எடுத்த படத்தை உனக்கு அனுப்பினோம். அது இப்போது எங்களிடம் இல்லை. விற்றுவிட்டோம் என்று அப்பா உனக்குச் சொன்னது பொய். என்ன நடந்தது என்று வெளியில் கதைக்கக்கூடாதென்று எங்கள் எல்லாருக்கும் அப்பாவின் கட்டளை. விழுந்து கிடக்கிற மனிசனைப் பற்றி ஊருக்குப் பறையடிக்கவேண்டாம் என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான், ஆனால் நீ என் பிள்ளை, ஊர் இல்லை.

மில்லிக்கனில் கராஜ் வைத்திருக்கிற இராஜரட்ணத்தை உனக்குத் தெரியாது, நீ கல்கரிக்குப் போன பிறகுதான் பழக்கம். அவருடைய மனைவி புனிதவதியைப் பற்றி நான் போனில் ஓயாமல் சொல்லுவேனே, வெள்ளிக்கிழமைகளில் என்னை றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போகிறவள். மோர்னிங்சைட்டிலிருந்து பஸ் மாறி மாறி அங்கே போய்ச் சேருவதற்குள் பூசை முடிந்து பிரசாதமும் முடிந்துவிடும். அவள் வந்து வாசலில் ஹோர்ன் அடிப்பாள், நான் ஏறுவேன், போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் எங்கள் மனிசன்மாரைப் பற்றிக் கதைத்துச் சிரிப்போம். அவளுடைய வாகனமும் இராஜரட்ணம் கட்டினதுதான். குனிந்து ஏறத் தேவையில்லாத உயரம், என் முழங்காலுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. ஒருநாள் நான் அதைச் சொல்ல, அக்காவுக்கும் ஒன்று செய்து கொடுக்கச் சொல்கிறேன் என்றாள். சொன்னபடி செய்வித்தாள்.

வாங்கும்போது வேறு ஒருவரிடம் காட்டிப் பார்க்கலாம் என்று சிவானிதான் சொன்னாள். அப்பா அவளை முறைத்துப் பார்த்தார். இராஜரட்ணம் எங்கள் வீட்டு மேசையில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போன மனிசன், அவர் செய்து தந்ததைக் கொண்டுபோய்ப் பிறத்தியானிடம் பரிசோதிப்பது அவரைக் கள்ளன் என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதைவிட, ஆடி பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது. ஆடியில் வாகனம் எடுக்கக்கூடாது, ஆவணிவரை காத்திருக்க எனக்கு ஆசை விடவில்லை. ஐயர் ஒரு நல்ல நேரம் பார்த்துத் தந்தார், வாகனம் ஓடத் தகுதி என்கிற சேப்ரிப் பேப்பரை இராஜரட்ணமே எடுத்துத் தந்தார், கோயிலில் பூசை செய்து சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். புனிதவதி எங்களுக்குப் பின்னால் தன்னுடையதில் வந்தாள். இரண்டு வாகனமும் வாசலில் அக்கா தங்கச்சி மாதிரி நின்றன.

புரட்டாசியில் ரயர் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கியது. மாற்றக் கொண்டுபோன கடையில் வாகனத்தை லிஃப்றில் உயர்த்தினவன் அப்பாவைக் கீழே கூப்பிட்டு ரோர்ச் அடித்துக் காட்டினான். நடுவில், முன் சீட்டுக்குப் பின்னால், ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் வெல்டிங் ஒட்டு. அடிபட்ட ஒரே வாகனத்தைத் திருத்தினது அல்ல, முன்பக்கம் நொறுங்கினதையும் பின்பக்கம் நொறுங்கினதையும் வாங்கி, இரண்டையும் வெட்டி, நல்ல பாதிகளை ஒன்றாக ஒட்டியது. மேலே பூசின நிறத்தில் ஒன்றும் தெரியாது. அப்பா அங்கிருந்து நேரே கராஜுக்குப் போய்ச் சண்டை பிடித்தார். இராஜரட்ணம் கோபிக்கவில்லையாம், விளங்காத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாராம், "அண்ணை, உது பலமான ஒட்டு. என்ர மனிசியும் பிள்ளையளும் உப்பிடி ஒண்டிலதான் திரியினம்." அப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். அந்த மனிசன் எங்களை ஏமாற்றவில்லை மகன். தான் நம்பியதைத்தான் எங்களுக்கும் தந்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அடுத்த நாள் புனிதவதி போன் எடுத்தாள். குரலில் அழுகை. "அக்கா, அண்ணை வந்து கராஜில கத்தினது எல்லாருக்கும் கேட்டதாம். நீங்கள் எண்டாலும் மறிச்சிருக்கக் கூடாதா" என்றாள். நான் ஒட்டைப் பற்றிச் சொல்லி, நீயும் உன்னுடையதில் ஓடாதே என்றேன். அவள் தன் மனிசனைக் கெடுத்துக் கதைப்பதாக எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஹோர்ன் கேட்கவில்லை. நானும் ரோசத்தில் இருந்துவிட்டேன், இரண்டு கிழமை போனால் வருவாள் என்று நினைத்தேன்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் வெள்ளி, ஐஸ் மழை பெய்தது. கோயிலால் தனியாகத் திரும்பி வந்த புனிதவதி சிக்னலில் திரும்பும்போது ஒரு கார் சறுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இடித்திருக்கிறது. அப்படி ஒரு பெரிய இடியில்லை என்று பொலிஸ் சொன்னது. இடித்த பெடியன் கதவைத் திறந்துகொண்டு நடந்து வந்தான், அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. இவளுடைய வாகனம் மட்டும் ஒட்டின இடத்தில் பிரிந்துபோய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டது. அக்சிடென்ற் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு இப்போதுதான் பல் விழுகிறது. அவள் செத்ததை இவ்வளவு எழுதியும் எனக்கு மனம் ஆறவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரமானால் இன்னும் ஜன்னலடியில் போய் நிற்கிறேன், பிறகு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

 பொலிஸ் கேட்டதற்கு இராஜரட்ணம், நான்தான் கட்டினேன் என்றாராம். கேஸ் வரும் என்கிறார்கள். போன கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், மொட்டையடித்த தலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. "அண்ணை, திறப்பைத் தாங்கோ" என்றார். அப்பா வாகனத்தின் சாவியை எடுத்துக் கொடுத்தார், பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு அவரோடேயே போனார். கராஜில் வைத்து அந்த நீல வாகனத்தை, தான் ஒட்டின அதே இடத்தில், இராஜரட்ணம் தன் கையால் வெட்டினாராம். வெட்டி முடிக்கும்வரை அப்பா பக்கத்தில் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்தார். கொடுத்த காசைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை.

இனிச் சொல்லப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இராஜரட்ணம் அப்படி ஒட்டிக் கட்டினவை நாலைந்து. ஒவ்வொரு வீடாகப் போய்த் திறப்பைக் கேட்டுக்கொண்டு திரிகிறார். சிலர் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில், வாகனம் நன்றாகத்தானே ஓடுகிறது, உமக்கு மூளை பிசகிவிட்டது என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். ஒன்றே ஒன்றுதான் எங்கே என்று தெரியவில்லை. அதை வாங்கினவர் இக்னேசியஸ் என்று ஒருவர், மூன்று மாதத்துக்கு முதல் வேலை கிடைத்து, அதையே ஓட்டிக்கொண்டு கல்கரிப் பக்கம் போய்விட்டார், விலாசம் ஒருவரிடமும் இல்லை. அதன் நிறம் என்ன என்று அப்பாவை விட்டுக் கேட்பித்தேன். பச்சை. உனக்கு விற்கிறவர் ரொறன்ரோவிலிருந்து வந்த எங்கட ஆள், நல்ல மனிசன் என்று நீ சொன்னாய். அவருடைய பெயர் என்ன என்று நான் கேட்க முன்னம் போனை வைத்துவிட்டாய்.

பச்சை வாகனம் உலகத்தில் ஆயிரம் இருக்கும். இது வேறாக இருக்கட்டும் என்றுதான் வேண்டுகிறேன். ஆனாலும் முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கிற விரிப்பைத் தூக்கி, அடியில் கையை வைத்துக் குறுக்காகத் தடவிப் பார். பிறகு உன்னையும் தெரியாத, விற்கிறவரையும் தெரியாத ஒருவனிடம் கொண்டுபோய் லிஃப்றில் ஏற்று. அவர் மனம் நோகுமே என்று பார்க்காதே, நோகட்டும். அதுவரை நிலக்சி அதில் ஒரு தெருவுக்குக்கூட ஏறக்கூடாது, இது என் தலையில் அடித்த சத்தியம்.

நீ கேட்ட நாளை நான் ஐயரிடம் கேட்கவில்லை. புனிதவதியின் வாகனத்துக்கும் எங்களுடையதுக்கும் நாள் பார்த்துத் தந்தவர் அவர்தான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, கேட்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளைப்பூடும் சரக்குத்தூளும் நிலக்சிக்குத் தனியாகப் பார்சலில் வருகிறது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உங்கள் மூன்று பேரையும் பிள்ளையார் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

கையில் ஒட்டுத் தட்டுப்பட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு மட்டும் வந்துவிடாதே. நீ விட்டால் விற்கிறவர் அதை இன்னொரு பிள்ளையின் தலையில் கட்டுவார். அந்த மனிசனை மறித்து வைத்துக்கொண்டு எனக்கு உடனே போன் எடு. அப்பாவிடம் சொல்லி இராஜரட்ணத்திடம் கேட்டேன். எந்த ஊரில் நின்றாலும் சரி, வெட்டுகிற சாமானோடு தான் பஸ் ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் அழைப்புக்காகப் போனடியிலேயே இருக்கும்,
அம்மா
பாலேஸ்வரி சச்சிதானந்தன்