அறுபத்து மூன்றாம் பக்கத்துக் கப்பல்

அன்பு மகனுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, உன் அப்பாவின் முழங்காலும் என் வாயும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைக்கத்தானே முடியும், நீ போனில் பேசுகிற நாலு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் கேட்குதா கேட்குதா என்பதிலேயே போய்விடுகிறது.

நீ எழுதின வரலாற்றுப் பாடப்புத்தகத்தின் தாள்கள் வந்து சேர்ந்தன. அச்சுக்குப் போகும் முன்னே உன் அப்பா அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுத் தையல்காரர் வரைக்கும் காட்டிவிட்டார். அறுபத்து மூன்றாம் பக்கம் வரும் வரை எனக்கும் பெருமைதான். அங்கே ஒரு கப்பல், மேசை ஓரத்தில் வைத்த கிண்ணம் மாதிரி, கடலின் விளிம்பில் தொங்குகிறது, தண்ணீர் அந்தரத்தில் கொட்டுகிறது, கரையில் தொப்பை போட்ட துறவி ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எங்கேயோ பார்த்த ஆள் மாதிரியும் இருந்தது. கீழே, அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் பூமி தட்டை என்று நம்பினார்கள், விழுந்துவிடுவாய் என்று மேற்கே கடல்வழி தேடிப் புறப்பட்ட மாலுமியைத் தடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். பட்டம் வாங்கினவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் என் பழக்கம் உனக்குத் தெரியும், வீட்டுக் கணக்குக்குப் போடுகிற மாதிரியே கோடு போட்டு, யார் சொன்னது, எங்கே பார்த்தார் என்று இரண்டு பத்தியில் எழுதிவைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மூன்று வாரம் நூலகத்தில் உட்கார்ந்தேன். அங்கே இருக்கிற பெண் முதல் நாள், சமையல் புத்தகமெல்லாம் அந்தப் பக்கம் அக்கா என்று கை காட்டியது, இப்போது எனக்கு நாற்காலி பிடித்து வைக்கிறது. நீ தொப்பை வரைந்த அந்தத் துறவிகள் இருக்கிறார்களே, அவர்கள் அந்த மாலுமி பிறப்பதற்கு இருநூறு வருஷம் முன்பே பூமி உருண்டை என்று பாடமே நடத்தியிருக்கிறார்கள். பாய்மரத்தின் அடியில் நிற்பவனுக்குத் தெரியாத கரை, மர உச்சியில் ஏறினவனுக்கு எப்படித் தெரிகிறது என்று கேள்வி கேட்டு விளக்கியிருக்கிறார்கள், உன் பக்கத்தில் அவ்வளவு விளக்கம்கூட இல்லை. மாலுமியோடு அவர்களுக்கு வந்த தகராறு தூரத்தைப் பற்றி. பூமி அந்த மாலுமி போட்ட கணக்கைவிடப் பெரியது, போய்ச் சேர்வதற்குள் சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்துவிடும் என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி, நடுவில் யாரும் நினைக்காத நிலம் ஒன்று இருந்ததால் அவர் பிழைத்தார். தப்புக் கணக்குப் போட்டவர் வீரர், சரியாகப் போட்டவர்கள் மடையர்கள், நல்ல நியாயம்தான். தட்டை என்று எழுதினவர்கள் ஒன்றிரண்டு பேர் உண்டு, நம் ஆட்கள் என்பதற்காக மறைக்கவில்லை, குறித்திருக்கிறேன். அதற்காக எல்லாரும் என்றால், உன் சித்தப்பா ஒருவர் குறட்டை விடுவதற்கு நம் குடும்பமே தூங்குமூஞ்சி என்பாய் போலிருக்கிறது. சனிக்கிழமைதோறும் கோயிலில் நான் துடைக்கிற குழந்தை இயேசு கையில் சிலுவை நட்ட உருண்டை இருக்கிறதே, பந்தா என்று சின்ன வயதில் கேட்பாய், அது உலகம்டா. பழைய ராஜாக்கள் கையிலும் அதே உருண்டைதான். தட்டை என்று நம்பினவர்களாக இருந்தால் கையில் தட்டு அல்லவா கொடுத்திருப்பார்கள்.

போன ஞாயிறு, இதை நீ எங்கே பார்த்தாய் என்று போனில் கேட்டேன். எங்கேயும் பார்க்கலம்மா, சின்ன வயசுலேர்ந்தே தெரியும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே என்றாய். யார் சொன்னது என்ற பத்தி காலியாகக் கிடந்தது, எனக்குப் பொறுக்கவில்லை, பரணில் இருந்த என் பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கினேன். நீ நாலாம் வகுப்பு படித்த வருஷத்து நோட்டில் அகப்பட்டது. கோயிலில் ஞாயிறுதோறும் நடக்கிற மறைக்கல்வி வகுப்பின் ஆண்டு விழா நாடகம். எழுதினது நான், அட்டைக் கப்பல் வெட்டினது நான், துறவி வேஷம் நீ. வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, போகாதீங்க, விழுந்துடுவீங்க என்று இரண்டு கையையும் தூக்கினாய், பங்குச் சாமியார் உட்பட எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எங்கே பார்த்தார் என்ற பத்தியில், என் கையெழுத்தில், எல்லாருக்கும் தெரிந்தது என்று இருக்கிறது.

ஆகவே அந்தத் தொப்பை என் தலையணை. மூன்று வாரமாக உன்னைத் திட்டினதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மீதி உன் பட்டத்துக்கு. இந்த ஞாயிறு வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிடப் போகிறேன், அன்றைக்கு நடித்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். விடும்மா, இத்தனை வருஷத்துல யாரும் விழலையே என்கிறார் உன் அப்பா. என்னால் முப்பது பிள்ளைகளிடம்தான் சொல்ல முடியும், உன் புத்தகம் நாற்பதாயிரம் பேருக்குப் போகிறது. இருபதாம் தேதி அச்சு என்றாய், அதற்குள் அந்தப் பக்கத்தை மாற்றிவிடு. பிள்ளைங்களுக்குப் படம் பிடிக்குமே என்று உன் மேலதிகாரி சொல்வார், பிடித்ததால்தான் முப்பது வருஷமாக உன் தலையை விட்டு இறங்கவில்லை என்று சொல். நூலகத்தில் எடுத்த நகல்களை இதோடு வைத்திருக்கிறேன். அம்மா சொன்னாள் என்று மாற்றாதே, படித்துப் பார்த்து மாற்று. அம்மா சொன்னாள் என்று நம்பினதால் வந்ததுதான் இவ்வளவும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. மருமகளை அந்த இருமலுக்கு மருத்துவரிடம் கூட்டிப்போ. இருபதாம் தேதியை மறக்காதே.

இப்படிக்கு,
துறவிக்குத் தொப்பை கட்டிவிட்ட
உன் அம்மா