மெழுகுக் கை

அன்புள்ள எம்மட்டுக்கு, வில்கின் கேன்டர்பரியிலிருந்து எழுதுவது. நீயும் பிள்ளையும் சுகந்தானே? நான் சொல்லச் சொல்ல கிளெமென்ட் பாதிரியார் எழுதுகிறார். கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து ஒரு கல் நழுவி என் வலது கையில் விழுந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, விரல்கள் இன்னும் மடங்கவில்லை, அவ்வளவுதான்.

கை குணமாக வேண்டி, காணிக்கையாக ஒரு மெழுகுக் கை வாங்கிக்கொண்டு நேற்று பேராலயத்துக்குள் இருக்கும் புனித தாமஸின் சிற்றாலயத்துக்குப் போனேன். படிக்கட்டின் அடியில் ஹாவிஸ் என்ற பெண் வீங்கிய காலோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மெழுகுக் கால். மூன்று நாள் நடந்து வந்தவளால் அந்தப் படிகளை ஏற முடியவில்லை. நான் முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

“கட்டுப் போட்ட கையோட என்னைச் சுமக்கப் போறியாக்கும்? கீழ போட்டே, சாமிகிட்டயே சொல்லிக்கொடுத்திடுவேன்!”

“முதுகு நல்லாத்தான் இருக்கு, ஏறுக்கா.”

மேலே போய்ப் பார்த்தால், அவள் இறுக்கிப் பிடித்ததில் என் சட்டைக்குள் இருந்த மெழுகுக் கை நசுங்கிப் போயிருந்தது. அவள் அழுதேவிட்டாள். பிறகு தன் மெழுகுக் காலை நீட்டினாள்.

“நான்தான் மேல வந்துட்டேனே. இதை உன் கைக்காக வை. எது கை, எது காலுன்னு சாமிக்குத் தெரியாதா?”

இருவரும் சேர்ந்தே வைத்தோம்.

பூசைக்கு மணி அடிக்கிறது, பாதிரியார் எழப் பார்க்கிறார். இங்கே குளிர் தொடங்கிவிட்டது; ஆட்டுத்தோல் கையுறை தைத்து அனுப்பு. இடது கைக்கு மட்டும் போதும் என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம், இரண்டுக்குமே தை.

உன் வில்கின்